ஆளுக்கொரு மருந்து

தனுஷ்கோடி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. வத்திராயிருப்பிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாக ராஜபாளையம் போகிற பச்சை வண்டிக்கு அவர் கண்டக்டர். நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஏறுவேன், ராஜபாளையத்தில் ஒரு மில் ஆபீசில் டைப்பிஸ்ட். எண்பத்திரண்டில் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து எனக்கு அந்த வண்டிதான், டிரைவருக்குப் பின்னால் ஜன்னலோர இடந்தான். வண்டி காலியாகக் கிடந்தாலும் மனிதர் உட்கார மாட்டார். முன்படிக்கும் பின்படிக்கும் நடப்பார், கம்பியைத் தட்டுவார், பையைத் தோள் மாற்றுவார், குனிந்து வெளியே பார்ப்பார். பார்க்கிற நமக்குக் கால் வலிக்கும்.

"செத்த நேரம் உட்காருங்களேன்" என்று ஒருநாள் எரிச்சலாகவே சொன்னேன்.

"உக்காந்தா ஊர் வந்திருமா மில்லம்மா?" என்றார்.

உட்கார்ந்தாலும் நின்றாலும் ஊர் ஒரே நேரத்தில்தான் வரும் என்று அவருக்கு யார் சொல்வது? வீட்டிலும் இதே கூத்துதான் என்று அவர் மனைவி சீனியம்மாள் சொல்லியிருக்கிறாள். சோற்றைப் பிசையும்போதே கண் வாசலில் இருக்குமாம். காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்த ஆள்.

டிரைவர் சுயம்புலிங்கம் நேர் எதிர். சோழபுரத்துக்காரர், தனுஷ்கோடிக்கு ஐந்தாறு வயது மூத்தவர். சீட்டில் ஏறினால் பதித்து வைத்த அம்மி மாதிரி இருப்பார். பேச்சு கிடையாது, சிரிப்பு கிடையாது, ரோடு ஒன்றுதான். இந்த இரண்டு பேருக்கும் எப்படித்தான் ஒத்துப்போயிற்றோ, அப்படி ஒத்துப்போயிற்று. வத்திராயிருப்புக்காரர்கள் யாராவது மாம்பழம் கொடுத்தால் ராத்திரி வண்டியை நிறுத்துமுன் ஆளுக்குப் பாதி. டீ ஒன்று வாங்கி இரண்டு கிளாஸ். பீடிக்கட்டும் ஒன்றுதான். வண்டியில் வந்தது எதுவானாலும் இருவருக்கும் பொது என்பது அவர்களுடைய சட்டம். இதை நட்பு என்று ஊரில் மெச்சிக்கொள்வார்கள். எனக்கும் அப்போது அது அழகாகத்தான் தெரிந்தது.

விசில் விஷயத்திலும் அவர்களுக்கு ஒரு கண்டிப்பு உண்டு. ஒரு விசில் என்றால் நிறுத்து, இரண்டு என்றால் போ. இது எல்லா வண்டிக்கும் உள்ளதுதான். ஆனால் பச்சை வண்டியில் படியில் தொங்குகிற அத்தனை பேரும் சேர்ந்து 'ரைட், ரைட்' என்று கத்தினாலும் தனுஷ்கோடியின் இரண்டு விசில் விழாமல் சுயம்புலிங்கம் கியரைத் தொட மாட்டார். ஒரு தடவை முதலாளியே முன்படியில் நின்றுகொண்டு, "எடுப்பா, நேரமாகுது" என்று சொல்லியும் வண்டி அசையவில்லை. முதலாளி ராஜபாளையம் ராஜு. கோபம் வந்தால் தெலுங்கு வந்துவிடும். அன்று வாயில் வந்த தெலுங்கு எல்லாம் வந்தது. சுயம்புலிங்கம் கண்ணாடியில் பின்படியைப் பார்த்தபடி விசிலுக்காகக் காத்திருந்தார்.

இருவருக்கும் மூச்சிளைப்பு வந்ததும் ஏறக்குறைய ஒரே காலத்தில்தான். பீடிப் புகை, டீசல் புகை, பஞ்சு மார்க்கெட் பக்கத்துத் தூசி, எல்லாம் சேர்ந்து வேலையைக் காட்டின. எண்பத்தேழு, எண்பத்தெட்டிலேயே தனுஷ்கோடிக்குக் காலையில் இருமல் தொடங்கினால் மடவார் வளாகம் தாண்டித்தான் அடங்கும். மருந்துக் கடையில் இளைப்பு மாத்திரை என்று கேட்டு ஒரு அட்டை வாங்குவார்கள். அதையும் கத்தரித்து ஆளுக்குப் பாதி. மாத்திரை போட்ட நாளில் தனுஷ்கோடியின் நடை இன்னும் வேகமாகிவிடும். தூக்கமும் வராதாம்.

தொண்ணூற்று நாலில் விசில் சத்தம் தேய்ந்துபோனதைக் கவனித்தேன். ஊதுவார், காற்றுதான் வரும். பிறகு ஊதுவதற்கு முன் கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சைச் சேர்க்க ஆரம்பித்தார். அந்த மாதிரி ஒரு ஆள் நின்று மூச்சு வாங்குவதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. எங்கள் தெருவில் ஆராவமுதன் என்று நெஞ்சு டாக்டர் ஒருவர் இருந்தார். மதுரையில் படித்துவிட்டு வந்தவர், சிடுசிடுப்பு, ஆனால் கைராசிக்காரர். "இன்றைக்கே போங்கள், இல்லாவிட்டால் நாளையிலிருந்து நான் சிவகாசி வண்டியில் ஏறிக்கொள்கிறேன்" என்றேன். சிவகாசி வண்டி ராஜபாளையம் போகாது என்பது அவருக்கும் தெரியும். ஆனாலும் போனார்.

சுயம்புலிங்கத்தையும் கூப்பிட்டிருக்கிறார். அவர் வர மறுத்துவிட்டார். போன வருஷம்தான் அதே முதலாளியின் இன்னொரு வண்டி டிரைவர் காசிராஜனைக் கண் மங்குகிறது என்று தெரிந்த அன்றே இறக்கிவிட்டிருந்தார்கள்.

"நான் டாக்டர்ட்ட போனா பொழுது சாயிறதுக்குள்ள மொதலாளி காதுக்குப் போயிரும். பொறவு எனக்கு வண்டி ஏதுலே? நீ போயிட்டு வா. ஒனக்கு உள்ளதுதான எனக்கும்" என்றாராம்.

டாக்டர் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துப் பார்த்து, ஊதச் சொல்லிப் பார்த்து, இது ஆஸ்துமா இல்லை, வருஷக்கணக்கான புகையால் மூச்சுக்குழல் சுருங்கி அடைத்துக்கொண்டிருக்கிறது, பழையபடி ஆகாது, ஆனால் விரித்து வைக்கலாம் என்றார். பீடியை விடச் சொன்னார். வாயில் வைத்து இழுக்கிற டப்பா இரண்டு கொடுத்தார், ஒன்று நீலம், ஒன்று வெள்ளை. தனுஷ்கோடி டப்பாவை வாயில் வைத்ததும் ஊதினார். இருபது வருஷப் பழக்கம்.

"ஊதாதேய்யா, இழு!" என்று டாக்டர் மேஜையில் தட்டினார். "நீலம் சட்டுனு குழாயைத் திறக்கும், ஆனா சீக்கிரம் விட்டுப் போயிடும். கை நடுங்கும், நெஞ்சு படபடன்னு அடிக்கும். வெள்ளை மெதுவாத்தான் வேலை செய்யும், திரும்ப இறுகாம ரொம்ப நேரம் பிடிச்சு வைக்கும். கை நடுங்காது. ரெண்டும் வேற வேற வழியா வேலை செய்யறதாலதான் ரெண்டையும் சேர்த்துத் தரேன். ஒண்ணையே கூட்டிண்டு போறதைவிட ரெண்டும் சேர்ந்தாதான் பலன். புரியறதா?"

புரிந்தது என்று சொல்லிவிட்டு வந்தார். என்ன புரிந்தது என்பது எனக்கு ஆறு மாதம் கழித்துத்தான் தெரிந்தது.

அந்த ஆறு மாதமும் தனுஷ்கோடியைப் பார்க்கவே சங்கடமாக இருந்தது. நடை ஓட்டமாகிவிட்டது. டிக்கெட் கிழித்தால் இரண்டு மூன்று சேர்ந்து வந்தது. பேசிக்கொண்டே இருக்கும்போது நெஞ்சில் கையை வைத்துக்கொள்வார். மூச்சு திணறும், நீல டப்பாவை எடுத்து இழுப்பார், சரியாகும், அடுத்த ஊர் வருவதற்குள் மறுபடி இழுப்பார். "டாக்டர் இவ்வளவு தடவையா சொன்னார்?" என்று கேட்டால், "இழுத்தா கேக்குதுல்ல மில்லம்மா" என்று நகர்ந்துவிடுவார். முன்னால் சுயம்புலிங்கமோ நாளுக்கு நாள் வாடிக்கொண்டிருந்தார். தோள் இரண்டும் காதுக்கு ஏறியிருக்கும். கழுத்து நரம்பு புடைத்திருக்கும். பின்னாலேயே உட்கார்ந்திருந்த எனக்கு அது தெரியாமலா இருக்கும்? கேட்டேன். "வெக்கை" என்றார். ஒரு வார்த்தைக்கு மேல் அவர் எப்போது பேசினார்?

ஆடி மாதம், சரியான காற்று. மடவார் வளாகம் தாண்டிக் கண்மாய்க் கரைமேல் வண்டி போய்க்கொண்டிருந்தது. திடீரென்று சுயம்புலிங்கம் ஒரு கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுத்துச் சட்டைப் பையைத் துழாவினார். வெள்ளை டப்பா. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தனுஷ்கோடியின் மருந்து இவரிடம் எப்படி வந்தது? வாயில் வைத்து இழுத்தார். மறுபடி இழுத்தார். ஒன்றும் ஆகவில்லை. வாய் மீன் மாதிரித் திறந்து மூடியது. வண்டி இடதுபக்கம் சாய்ந்து போக ஆரம்பித்தது, அந்தப் பக்கம் தண்ணீர். நான் அலறினேன். தனுஷ்கோடி ஆட்களை மிதித்துக்கொண்டு முன்னால் ஓடிவந்து, "பிரேக்கு அண்ணாச்சி, பிரேக்கு!" என்று கத்தினார். கால் எப்படியோ பிரேக்கில் விழுந்தது. முன் சக்கரம் கரையோரச் சேற்றில் இறங்கி நின்றது. தனுஷ்கோடி என்ஜின் மூடிமேல் ஏறி, நீல டப்பாவை எடுத்து அவர் வாயில் வைத்தார்.

"டயர்ல ஆணிங்க, எல்லாரும் எறங்கி செத்த நேரம் நில்லுங்க" என்று சனங்களை இறக்கிவிட்டார். நான் இறங்கவில்லை. சுயம்புலிங்கத்தின் தோள் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கியதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். தனுஷ்கோடியும் பார்த்துக்கொண்டிருந்தார். சேற்றிலிருந்து வண்டியைத் தள்ளி ஏற்றுவதற்குள் சுயம்புலிங்கம் பல மாதமாக விடாத ஒரு முழு மூச்சு விட்டார்.

அன்று சாயங்காலம் ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கியதும் தனுஷ்கோடியை மறித்து நின்றேன். எல்லாவற்றையும் சொன்னார்.

"ஸ்டியரிங் பிடிக்கிற கை நடுங்கப்படாதுல்ல மில்லம்மா? அதான் நடுங்காதத அவியளுக்குக் குடுத்தேன். நடுங்குறத நான் வச்சுக்கிட்டேன். டிக்கெட் கிழிக்கிற கை நடுங்குனா என்ன?"

எவ்வளவு யோசித்திருக்கிறார் பாருங்கள். மாம்பழத்தைப் பிரித்த மாதிரி மருந்தையும் பிரித்து, அதிலும் நல்ல பாதி எது என்று பார்த்து நண்பனுக்குக் கொடுத்திருக்கிறார். எனக்கு அவரை அறையலாம் போலவும் இருந்தது, அழலாம் போலவும் இருந்தது. ஒன்றையும் செய்யாமல், வண்டி கிளம்புவதற்குள் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன்.

டாக்டர் கேட்டுவிட்டு நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார்.

"நாலு டயரை ஆளுக்கு ரெண்டாப் பிரிச்சு ரெண்டு வண்டி ஓட்டுவியா? ஓடுமா?"

"ஓடாதுங்க."

"ரெண்டும் ஒரே நெஞ்சுக்குள்ள போனாதான்யா மருந்து! சட்டுனு திறக்கிறது இல்லாம அவன் தவிச்சிருக்கான். பிடிச்சு வைக்கிறது இல்லாம நீ நீலத்தைக் கணக்கில்லாம இழுத்து இதயத்தை ஓட விட்டிருக்கே. இனிமே ரெண்டும் உனக்கு. அவனுக்கு அவனைப் பார்த்துட்டுத்தான் தருவேன். அதுவரைக்கும் அவன் ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது. சொல்லிடு."

சொன்னார். சுயம்புலிங்கம் கேட்கவில்லை. "அந்த நீலத்தையும் சேத்து எங்கிட்டக் குடு, நான் ஓட்டிருதேன்" என்றாராம். காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சியும் ஆகவில்லை. சோழபுரத்துக்கு நேரே போய் அவர் மனைவி வெள்ளைத்தாயிடம் சொல்லிவிடலாமா, முதலாளியிடம் போய்விடலாமா, ஒன்றும் சொல்லாமல் தானே வேலையை விட்டுவிடலாமா என்று தனுஷ்கோடி வீட்டுக்கும் தெருவுக்கும் நடந்துகொண்டே இருந்ததாகச் சீனியம்மாள் சொன்னாள். சொன்னால் நண்பனின் பிழைப்பு போகும். சொல்லாவிட்டால் நண்பனே போய்விடுவான், வண்டி நிறைய சனத்தையும் சேர்த்துக்கொண்டு. இதில் எங்கே உட்காருவது?

மறுநாள் காலை ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் வண்டி நிறைந்து நின்றது. மில் ஆட்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள், பூக்கூடை. என்ஜின் உறுமிக்கொண்டிருந்தது. நேரமாகியும் விசில் வரவில்லை. பின்னால் அடுத்த வண்டி ஆரன் அடித்தது. டைம் கீப்பர் ஓடிவந்து பக்கத் தகரத்தில் தட்டினார். "ரைட்டு, ரைட்டு" என்று எல்லோரும் கத்தினார்கள். எங்கள் ஆபீஸ் மேனேஜர் முகம் ஞாபகம் வந்து, டாக்டர் சொன்னதையும் மறந்து நானும் கத்தினேன். திரும்பிப் பார்த்தால் தனுஷ்கோடி பின்படியில் விசிலை உதட்டில் வைத்துக்கொண்டு நிற்கிறார். கண் கலங்கியிருக்கிறது. ஊதவில்லை. அசையவும் இல்லை. அந்த மனிதர் அசையாமல் நின்றதை அன்றுதான் முதன்முதலில் பார்த்தேன், பயமாக இருந்தது.

சுயம்புலிங்கம் கண்ணாடியில் பார்த்தார். "ஏலே தனுசு, ரைட்டு குடு."

"குடுக்க மாட்டேன் அண்ணாச்சி."

"ஏலே!"

"ஒங்களுக்கு மூச்சு முட்டுது. நேத்து வண்டி கண்மாய்க்குள்ள போகப் பாத்துச்சு. டாக்டர்ட்ட போயிட்டு வந்து வண்டிய எடுங்க. அதுவரைக்கும் நான் விசில் ஊத மாட்டேன்."

"அப்ப நேத்து டயர் இல்லையா?" என்று யாரோ ஒரு அம்மா கேட்டாள். இரண்டு பேர் இறங்கினார்கள். பிறகு நாலு பேர் இறங்கினார்கள். டைம் கீப்பர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றார். இனி முதலாளிக்குத் தனியாக யாரும் போய்ச் சொல்ல வேண்டியதில்லை.

விசில் இல்லாமலேயே வண்டியை எடுத்திருக்கலாம். யார் தடுத்திருக்க முடியும்? ஆனால் சுயம்புலிங்கத்துக்கு அது வராது. என்ஜினை அணைத்தார். துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினார். பின்படி பக்கம் வந்து, "வேற யாரும் சொல்லியிருந்தா பொறுத்திருப்பேன். நீயாலே?" என்று மட்டும் கேட்டார். தனுஷ்கோடி விசிலை வாயிலிருந்து எடுக்கவே இல்லை. எடுத்தால் அழுதிருப்பார்.

டாக்டரிடம் அவரை நானும் டைம் கீப்பரும்தான் கூட்டிப்போனோம். அவருடைய நிலை தனுஷ்கோடியைவிட மோசம், இன்னும் ஒரு தடவை அந்த மாதிரி வந்திருந்தால் கதை முடிந்திருக்கும் என்றார் டாக்டர். இரண்டு டப்பாவும் அவருக்கே என்று தனியாகக் கொடுத்தார். ஒரு மாதத்தில் ஆள் படியேறினார், ராத்திரி படுத்துத் தூங்கினார். ஆனால் முதலாளி ஸ்டியரிங்கைத் திருப்பிக் கொடுக்கவில்லை. ஷெட்டில் மேற்பார்வை வேலை தருகிறேன் என்றார், அது அவருடைய நல்ல குணம். "மத்தவன் ஓட்டுற வண்டியக் கழுவவா?" என்று சொல்லிவிட்டுச் சுயம்புலிங்கம் சோழபுரத்தில் போய் உட்கார்ந்துவிட்டார்.

பச்சை வண்டிக்குப் பால்ச்சாமி என்று புது டிரைவர் வந்தான். விசிலுக்குக் காத்திருக்கிற வழக்கமெல்லாம் அவனிடம் இல்லை. தனுஷ்கோடிக்கு இரண்டு மருந்தும் முறையாகப் போனதில் விசில் பழையபடி கணீரென்று வந்தது. கேட்க ஆள்தான் இல்லை. மாதம் ஒரு தடவை சோழபுரத்துக்குப் போய்ச் சுயம்புலிங்கத்தின் மருந்தை வெள்ளைத்தாயிடம் கொடுத்துவிட்டு வருவார். இவர் தலை தெரிந்ததும் அவர் எழுந்து உள்ளே போய்விடுவாராம். "பேச வேண்டாம், ஏசக்கூடாதா ஒரு வார்த்த?" என்று என்னிடம் புலம்புவார். சரியானதைச் செய்தீர்கள் என்று சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது. சரியானதைச் செய்தவர் நிம்மதியாக இருக்க வேண்டும் என்று எந்த ஊரில் எழுதியிருக்கிறது? நாலு வருஷம் இப்படியே போயிற்று.

தொண்ணூற்றெட்டு கடைசியில் டாக்டர் புதிதாக ஒரு டப்பா கொடுத்தார். இரண்டு மருந்தும் ஒன்றாகவே கலந்து வந்திருந்தது. தனுஷ்கோடி இரண்டு டப்பா வாங்கினார், ஒன்று தனக்கு, ஒன்று அவருக்கு. இதை எப்படி இழுப்பது என்று நேரில் காட்ட வேண்டும் என்ற சாக்கில் அன்று வெள்ளைத்தாயிடம் கொடுக்காமல் வீட்டுக்குள்ளேயே நுழைந்துவிட்டார். மறுநாள் காலை வண்டியில் என் பக்கத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னது இது.

சுயம்புலிங்கம் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாராம்.

"ரெண்டும் இதுக்குள்ளயா?"

"ஆமா அண்ணாச்சி. இனிமே யாரும் பிரிக்க முடியாது."

"எனக்கு மூச்சு நல்லாத்தாம்லே இருக்கு. கடைக்கு நடக்கேன், தோட்டத்துக்கு நடக்கேன். நடந்து எங்க போக? மூச்சு இல்லாதப்ப வண்டி இருந்துச்சு. மூச்சு வந்துச்சு, வண்டி போச்சு. அன்னைக்கு நீ ரெண்டு விசில் ஊதியிருந்தா நான் ஓட்டியிருப்பேன்."

"ஓட்டி?"

"செத்திருப்பேன். ஸ்டியரிங்கப் பிடிச்சுக்கிட்டே செத்திருப்பேன்."

"பின்னால பள்ளிக்கூடத்துப் பிள்ளைக இருந்துச்சு அண்ணாச்சி. மில்லம்மா இருந்தாக. நானும் அந்த வண்டிலதான இருந்தேன்?"

வெள்ளைத்தாய் காபி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாளாம். அது ஆறிப்போன பிறகுதான் சுயம்புலிங்கம் வாயைத் திறந்தாராம்.

"ஒன்ன மன்னிக்க மாட்டேன்லே. நல்லாக் கேட்டுக்கோ, நான் இருக்கிற வரைக்கும் மன்னிக்க மாட்டேன்."

"சரி அண்ணாச்சி."

"அடுத்த மாசம் மருந்த அவகிட்டக் குடுத்துட்டு ஓடிராத. நீயே உள்ள வந்து எங்கையில குடு."

இதைச் சொல்லிவிட்டுத் தனுஷ்கோடி ஓடுகிற வண்டியில் எல்லோருக்கும் முன்னால் அழுதார். டிக்கெட், டிக்கெட் என்று பின்னால் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் ஜன்னலோடு ஒட்டிக்கொண்டு இடம் விட்டேன். உட்கார்ந்தார்.